தவிட்டோடு போன சத்தும் புழுங்கல் அரிசியும்



நாம் தினமும் உண்ணுகிற சோற்றைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். "சோத்தைப் பத்திப் பேச என்னங்க இருக்கு, விளைவிக்கிறதே நாங்கதானே" என்று நீங்கள் கேட்கலாம். நியாயந்தான். நாற்றங்கால் விட்டதிலிருந்து களம் சேர்க்கிற வரைக்கும் உங்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. ஆனால் களத்திலிருந்து உலைப்பானைக்குப் போகிற வழியில் நெல்லுக்கு நேர்கிற சில காரியங்கள் இருக்கின்றனவே, அவை கேட்பதற்கு வேடிக்கையானவை. ஒரு காலத்தில் பல்லாயிரம் பேருடைய உயிரைக் குடித்தவையும் அவைதான்.

ஒரு நெல்மணியை எடுத்து நகத்தால் உரித்துப் பாருங்கள். மேலே இருப்பது உமி, அடுப்பெரிக்க ஆகும். உமி நீங்கினால், பழுப்பாகவோ சிவப்பாகவோ ஒரு மெல்லிய தோல் போர்த்திய அரிசி இருக்கும். அந்தத் தோலும், ஓரத்தில் மூக்குப் போல ஒட்டியிருக்கிற முளையும் அரைபட்டு வருவதுதான் தவிடு. 100 கிலோ நெல்லை அரைத்தால் ஏறத்தாழ 20 கிலோ உமி, 8 கிலோ தவிடு, மீதி அரிசி. இந்த 8 கிலோவுக்குள்தான் நெல்லில் உள்ள எண்ணெயும், 'பி' வைட்டமின்களும் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கின்றன. அரிசி வெள்ளை வெளேரென்று வர வர, சத்து தவிட்டு மூட்டைக்குப் போய்விட்டது என்று அர்த்தம். நாம் வெள்ளையைச் சாப்பிடுகிறோம், மாடு சத்தைச் சாப்பிடுகிறது. மாடு கொடுத்து வைத்தது!

இந்த 'பி' வைட்டமின்களில் முதலாவதுக்கு பி-1 என்று பெயர். தயமின் என்றும் சொல்வார்கள். நாம் உண்ணும் மாவுச்சத்து உடம்பில் எரிந்து பலமாக மாற வேண்டுமானால் இது வேண்டும். அடுப்பு நிறைய விறகு அடுக்கி வைத்துவிட்டுத் தீக்குச்சி இல்லாமல் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? பி-1 இல்லாத சோறு அப்படித்தான். அதிலும், சோறு கூடக் கூட இந்தத் தீக்குச்சியும் கூடுதலாக வேண்டும். உடம்பு இதைப் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளாது. இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் கையிருப்பு தாங்காது.

கையிருப்பு தீர்ந்தால் வருகிற நோய்க்குப் பெரிபெரி என்று பெயர். முதலில் கால் மரத்துப் போகும், பிறகு கால் துவளும். உட்கார்ந்தவர் எழுந்திருக்க முடியாமல் கையை ஊன்றுவார். சிலருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்கி, இருதயம் ஓய்ந்து போகும். பெரிபெரி என்பதே சிங்களச் சொல், 'முடியவில்லை, முடியவில்லை' என்று அர்த்தம் என்பார்கள். சோறு கிடைக்காதவருக்கு வந்த நோய் இல்லை இது. வயிறு முட்டச் சோறு தின்றவருக்கு வந்த நோய். அதனால்தான் பெரிய பெரிய டாக்டர்களெல்லாம் தடுமாறினார்கள். ஏதோ கிருமி என்று நினைத்துத் தேடிக்கொண்டே இருந்தார்கள்.

மர்மத்தை முதலில் காட்டிக் கொடுத்தது கோழிதான். 1890 வாக்கில் ஜாவாத் தீவில், இன்றைக்கு ஜகார்த்தா என்று சொல்கிற பட்டேவியா நகரத்தில், எய்க்மன் என்ற டச்சு டாக்டர் பெரிபெரிக் கிருமியைத் தேடிக் கோழிகளை வைத்து ஆராய்ந்து கொண்டிருந்தார். திடீரென்று கோழிகள் கால் துவண்டு விழ ஆரம்பித்தன. நோய் ஊசி போட்ட கோழி, போடாத கோழி என்ற வித்தியாசமே இல்லை. சில மாதம் கழித்து அவ்வளவு கோழியும் தானாகவே எழுந்து நடந்தன. டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விசாரித்தபோது உண்மை வெளிவந்தது. செலவைச் சிக்கனப்படுத்த, கோழி பார்க்கிற ஆள் பட்டாளத்து ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் மிஞ்சின வெள்ளைச் சோற்றை வாங்கிப் போட்டிருக்கிறார். பிறகு சமையற்கட்டுக்குப் புது ஆள் வந்தார். "பட்டாளத்து அரிசியைப் பட்டாளத்தைச் சேராத கோழிக்குக் கொடுக்கிறதாவது!" என்று நிறுத்திவிட்டார். கோழிகள் பழையபடி தவிடு நீக்காத மட்ட அரிசிக்கு வந்தன, பிழைத்தன. அந்தச் சமையற்காரர் இப்படி முறைத்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ!

கோழிக்குச் சரி, மனிதருக்கு? ஜாவாவில் வோர்டர்மன் என்ற சுகாதார அதிகாரி 1895, 1896-ஆம் ஆண்டுகளில் 101 சிறைச்சாலைகளின் கணக்கை எடுத்தார். சில சிறைகளில் தீட்டின வெள்ளை அரிசி, சிலவற்றில் தோல் போகாத அரிசி கொடுத்து வந்தார்கள். வெள்ளை அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்குப் பெரிபெரி. தோல் அரிசி போட்ட இடத்தில் 10,000 பேருக்கு ஒருவருக்குத்தான். சோற்றுப் பானைக்குள்ளேயே வித்தியாசம் இருக்கிறது என்பது இதோடு தெளிவாயிற்று. ஆனாலும் எய்க்மன், அரிசி மாவில் ஏதோ விஷம் இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்றுதான் எண்ணினார். விஷமுமில்லை கிஷமுமில்லை, உடம்புக்கு அவசியமான ஏதோ ஒன்று குறைகிறது என்று 1901-இல் சொன்னவர், அவருக்குப் பின் அந்த வேலையைத் தொடர்ந்த கிரைன்ஸ் என்ற டாக்டர். நோபல் பரிசு 1929-இல் எய்க்மனுக்குக் கிடைத்தது. கோழிக்கும் சமையற்காரருக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை!

இனிமேல்தான் நம் ஆட்களுடைய கதை வருகிறது. அதே காலத்தில் மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கூட்டம் கூட்டமாகச் செத்துக் கொண்டிருந்தார்கள். பக்கத்திலேயே தோட்டங்களில் தமிழ்நாட்டிலிருந்து போன நம் ஜனங்கள் பாடுபட்டார்கள். ஒழுங்கான வீடில்லை, காய்ச்சல் உண்டு, கூலியும் குறைவு. ஆனால் பெரிபெரி மட்டும் இவர்களிடம் அபூர்வம். பிராடன் என்ற வெள்ளைக்கார டாக்டர் இதைக் கவனித்து 1907-இல் புத்தகமாகவே எழுதினார். சீனர்கள் தின்றது ஆலையில் தீட்டின பச்சரிசி. தமிழர்கள் கடல் கடந்தும் விடாமல் தின்றது புழுங்கல் அரிசி. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதைச் சோதித்துப் பார்க்க 1905-இல் கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் பிளெட்சர் என்ற டாக்டர் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, ஒன்றுவிட்டு ஒருவராக இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குத் தீட்டின பச்சரிசி, மற்றதற்குப் புழுங்கல் அரிசி. மற்ற கறி, குழம்பெல்லாம் ஒன்றுதான். அந்த வருஷ முடிவுக்குள் பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் 18 பேர் இறந்து போனார்கள். புழுங்கல் அரிசிப் பிரிவில் அந்த நோயால் ஒருவரும் சாகவில்லை. வாய் திறந்து மறுக்கத் தெரியாத நோயாளிகளை வைத்து இப்படிச் சோதித்தார்களே என்று இன்றைக்கு நமக்கு மனசு கேட்கவில்லை. ஆனால் அந்தப் 18 உயிர் கொடுத்த பாடத்தை மறப்பது அதைவிடப் பாவம். அடுத்து பிரேசர், ஸ்டான்டன் என்ற இரண்டு டாக்டர்கள், காட்டுக்குள் ரோடு போட வந்த 300 ஜாவாக்காரத் தொழிலாளர்களை வைத்துப் பார்த்தார்கள். பச்சரிசி தின்ற கூட்டத்தில் மூன்று மாதத்தில் நோய் தலைகாட்டியது. அரிசியை மாற்றிக் கொடுத்ததும் நோயும் இடம் மாறியது.

நம் பக்கத்திலேயே இதற்கு அத்தாட்சி இருந்தது. அன்றைய சென்னை மாகாணத்தின் வடகோடியில், கோதாவரி, விசாகப்பட்டினம் கடற்கரைப் பக்கம், ஆலைப் பச்சரிசி சாப்பிடுகிற வழக்கம். அங்கே பெரிபெரி நிரந்தரமாகக் குடியிருந்தது. புழுங்கல் அரிசி சாப்பிடுகிற தமிழ் ஜில்லாக்களில் அது பரவவில்லை. இதை ஆராய 1918-இல் குன்னூரில் மக்காரிசன் என்ற டாக்டர் சின்னதாக ஓர் ஆராய்ச்சிக்கூடம் தொடங்கினார். அதுதான் வளர்ந்து 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. நாட்டுக்கே ஊட்டச்சத்து சொல்லித் தருகிற நிறுவனம் பிறந்ததே அரிசிச் சோற்று ஆராய்ச்சியில்தான். இன்னொரு சுவாரசியம்: பி-1 வைட்டமினை 1936-இல் முதன்முதலாக ரசாயனக்கூடத்தில் தயாரித்த ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர் பிறந்தது எங்கே தெரியுமா? அரிசிக்குப் பேர்போன நம் நெல்லூரில்!

சரி, நெல்லைப் புழுக்கினால் அப்படி என்னதான் நடக்கிறது? ஊற வைக்கும்போது தண்ணீர் உமிக்குள் புகுந்து தவிட்டை நனைக்கிறது. பி-1 தண்ணீரில் கரையக்கூடியது. கரைந்த சத்து, தண்ணீரோடு சேர்ந்து அரிசியின் நடுப்பக்கம் நகர்கிறது. பிறகு அவிக்கிறோம். மாவு வெந்து பசை போல இளகிச் சத்தைப் பிடித்துக் கொள்கிறது. காய்ந்ததும் இறுகிக் கண்ணாடி போல ஆகிவிடுகிறது. அப்புறம் ஆலையில் கொடுத்துத் தவிட்டைச் சீவினாலும், உள்ளே போன சத்து உள்ளேதான் இருக்கும். திருடன் வருவதற்கு முன்னால் திண்ணையில் இருந்த சாமானை உள்ளறையில் வைத்துப் பூட்டின மாதிரி.

கணக்கில் பார்ப்போம். 100 கிராம் ஆலைப் பச்சரிசியில் பி-1 சத்து 0.06 மில்லிகிராம். அதே ஆலையில் அரைத்த புழுங்கல் அரிசியில் 0.21 மில்லிகிராம். மூன்று மடங்குக்கும் மேல்! கைக்குத்தல் பச்சரிசியிலும் அதே 0.21தான். உலக்கை பிடித்துக் கை காய்த்துப் போகிற அளவுக்குக் குத்தினால் கிடைக்கிற சத்தை, ஊற வைத்து அவித்தே பெற்றுவிடலாம். வெறும் தவிட்டில் எவ்வளவு தெரியுமா? 2.70 மில்லிகிராம். வேலை செய்கிற ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிகிராம் வரை தேவை என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள்.

நம் முன்னோர் வைட்டமின் கணக்குப் பார்த்துப் புழுக்கினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். பெருமைக்காக அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு. புழுக்கின நெல் குத்தும்போது நொய்யாகாது, அரிசி வண்டு சுலபமாகத் துளைக்காது, சோறு குழையாது, அறுவடை மழையில் நனைந்த நெல்லையும் முளைத்துப் போகாமல் காப்பாற்றலாம். இதற்காகத்தான் புழுக்கினார்கள். சத்து கூடவே வந்த இலவசம். இட்லிக்கு இந்த அரிசிதான் எடுக்கும், பொரிக்கும் இந்த அரிசிதான் பொரியும். அவலும் நெல்லை ஊற வைத்து, வறுத்து, இடிப்பதுதானே. அதனால் அவலிலும் பச்சரிசியைவிட பி-1 அதிகம்.

புழுக்குகிற பக்குவத்தைப் பற்றிக் கொஞ்சம். தொட்டியில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப் போடுகிற பழைய முறையில் நெல் புளித்து நாற்றம் எடுக்கும். சோற்றிலும் அந்த வாடை அடிக்கும். 'புழுங்கல் அரிசின்னாலே நாத்தம்' என்று பட்டணத்துக்காரர்கள் முகம் சுளிப்பது இதனால்தான். குற்றம் அரிசி மேல் இல்லை, தொட்டித் தண்ணீர் மேல்தான். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கு வழி கண்டார்கள். தண்ணீரைச் சுமார் 85 டிகிரிக்குச் சூடாக்கி நெல்லைக் கொட்டினால், இரண்டும் கலந்து 70 டிகிரிக்கு வரும். அந்தச் சூடு ஆறாமல் மூன்றரை, நான்கு மணி நேரம் இருந்தால் போதும், ஊறல் முடிந்தது. புளிப்புக் கிருமிக்கு அந்தச் சூட்டில் வேலையில்லை.

வீட்டில் அண்டா வைத்து அவிக்கிறவர்கள் ஊறின தண்ணீரை வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் கொஞ்சமாக விட்டு ஆவியில் அவியுங்கள். உமி வாய் பிளக்க ஆரம்பித்ததும் இறக்கிவிட வேண்டும். ஒரு பிடி நெல்லை உரித்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பொட்டு தெரிந்தால் ஊறல் போதவில்லை. அரைக்கும்போது அந்த இடத்தில்தான் முறியும். அதிகமாக வெந்து அரிசி வெளியே பிதுங்கினாலும் நஷ்டந்தான்.

காய வைப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நடு வெயிலில் ஒரே மூச்சாகக் காய்ச்சி எடுத்தால், மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று அரிசி விரிசல் விடும். ஈரம் 16, 18 சதவீதத்துக்கு வந்ததும் குவித்து மூடி, சில மணி நேரம் ஆற விடுங்கள். உள் ஈரம் மேலுக்கு வந்து சமமாகும். பிறகு மறுபடி பரப்பி 14 சதவீதத்துக்குக் கொண்டு வந்து அரைக்கக் கொடுங்கள். நொய் எவ்வளவு குறைகிறது என்று நீங்களே பார்க்கலாம். தவிட்டிலும் ஒரு லாபம் உண்டு. பச்சரிசித் தவிடு ஓரிரு நாளில் சிக்கு வாடை அடிக்கும். புழுங்கல் தவிடு அவ்வளவு சீக்கிரம் கெடாது, எண்ணெயும் கூடுதலாக இருக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. தண்ணீரில் கரைகிற சத்து என்று சொன்னேன் அல்லவா? அரிசியைத் தேய்த்துத் தேய்த்து நாலு தண்ணீர் கழுவினால், பச்சரிசியில் மிஞ்சியிருக்கிற பி-1 சத்தில் பாதி வரைக்கும் கழுநீர்ப் பானைக்குப் போய்விடும். புழுங்கல் அரிசியில் இந்த நஷ்டம் குறைவு. கல், தூசி போக ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை அலசினால் போதாதா? அடுத்தது கஞ்சி. வடித்த கஞ்சியிலும் சத்து போகிறது. தண்ணீரை அளவாக வைத்துச் சோற்றிலேயே சுண்ட விடலாம். வடித்துத்தான் ஆக வேண்டுமென்றால் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டு வீட்டில் உள்ளவர்களே குடிக்கலாம். இன்னொன்று, பருப்பு சீக்கிரம் வேக வேண்டுமென்று சோடா உப்பைப் போடாதீர்கள். பி-1 சத்துக்கு அது எமன்.

சோறு ஒன்றையே நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. நிலக்கடலையில் 100 கிராமுக்கு 0.90 மில்லிகிராம் பி-1 இருக்கிறது. எள், பயறு வகைகளிலும் நிறைய உண்டு. வேலைக்குப் போகும்போது மடியில் ஒரு பிடி வேர்க்கடலை கட்டிக்கொண்டு போகிறவர் கெட்டிக்காரர். தினமும் குடித்துவிட்டுச் சரியாகச் சாப்பிடாத ஆட்களுக்கு இந்தச் சத்துக் குறைவு இன்றைக்கும் வருகிறது. வீட்டில் அப்படி யாராவது இருந்து கால் மரப்பு என்று சொன்னால், வாயு என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புழுங்கல் அரிசி பச்சரிசியைவிடக் கொஞ்சம் மெதுவாகச் செரிக்கும் என்பது சரி. அதற்காக அளவில்லாமல் சாப்பிட அது அனுமதிச்சீட்டு ஆகாது.

"அதெல்லாம் பழைய காலத்து நோய், இப்ப எங்கங்க இருக்கு?" என்று நினைத்துவிடாதீர்கள். காஷ்மீரத்தில் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற இரண்டு மூன்று மாதக் குழந்தைகள் திடீரென்று மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு வந்ததையும், பி-1 கொடுத்ததும் சில மணி நேரத்தில் தெளிந்ததையும் அங்குள்ள டாக்டர்கள் அண்மைக் காலத்தில் எழுதியிருக்கிறார்கள். தாய்மார்களின் சாப்பாடு தீட்டின வெள்ளை அரிசி, அதையும் நன்றாகக் கழுவி வடித்தது. பிள்ளை பெற்றவர்களுக்குப் பத்தியம் வேறு. தாய்க்குக் கால் கொஞ்சம் மரத்திருக்கும், அவ்வளவுதான். பாலில் சத்தில்லாததால் அடி விழுவது குழந்தைக்கு. நம் வீடுகளிலும் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு வெறும் வெள்ளைச் சோறும் மிளகு ரசமும் வாரக்கணக்கில் கொடுக்கிற வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அந்தச் சோறு புழுங்கல் அரிசிச் சோறாக இருக்கட்டும். பருப்பும் பயறும் கூட இருக்கட்டும். கைக்குழந்தை பால் குடிக்க மறுத்து, குரல் கம்மி, மூச்சு வாங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். தாய் என்ன சாப்பிடுகிறாள் என்பதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.